கடைசி இரண்டு தாள்கள்

போன மாதம் ஒரு புத்தகக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். போகாமல் இருந்திருக்கலாம். ஒரு காலத்தில் வாரப் பத்திரிகையில் தொடராக வந்து, ஊரையே வாராவாரம் கடைவாசலில் காக்க வைத்த ஒரு நாவலைப் பற்றிப் பேச்சு. பேச வந்தவர் கல்லூரி ஆசிரியர். நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். கடைசியில் முடிவுக்கு வந்தார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாசத்தின் முன்னால் நீதியே தலைகுனிகிற இடம் இது" என்றார். கைதட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்று, "அது முடிவு இல்லைங்க, பித்தலாட்டம்" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டம் நடத்தியவர் சிரித்த முகத்தோடு, "அம்மா, இரண்டு நிமிடத்தில் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்றார். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற சங்கதியா அது? உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஜவ்வாது மலைக்காரி. எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குப் பதினாறு வயது. அரசாங்க விடுதிப் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு வீட்டில் இருந்தேன். காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற இடத்துக் குடியிருப்பில், கீழேயிருந்து வேலைக்கு வந்த ஒரு குடும்பத்தில் பாத்திரம் தேய்த்தேன். அந்த வீட்டு அம்மா தொடர்கதைகளைப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்துத் தானே தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு வைக்கிற ரகம். அவர்களுக்கு மாற்றல் வந்தபோது சாமான் கட்டும் அவசரத்தில் ஒரு தைத்த புத்தகத்தை என் கையில் திணித்து, "நீ படிப்பியே, வச்சுக்கோ. ராத்திரி தூக்கம் வராது பார்" என்றார்கள். அப்படித்தான் அது எங்கள் ஊருக்கு வந்தது. பாதிப் பக்கம் கதை, பாதிப் பக்கம் தலைவலித் தைல விளம்பரம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நெல் மில் முதலாளிக்கு இரண்டு மகன், ஒரு மகள். மகள் புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கு வருகிறாள். அப்பா சாகும்போது தோட்டத்தையும் கிணற்றையும் அவளுக்கு என்று எழுதி வைக்கிறார். பெரிய அண்ணன் அந்தப் பத்திரத்தை ஒளித்துவிடுகிறான். அவள் கோர்ட்டுக்குப் போகிறாள். பெற்ற தாயே அவளுக்கு எதிராகக் கூண்டில் ஏறுகிறாள். ஒவ்வொரு வாரமும் கழுத்தில் கத்தி வைத்தது மாதிரி ஒரு இடத்தில் நிறுத்தியிருப்பார் எழுதியவர். அதில் அவர் கெட்டிக்காரர், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

மாசி, பங்குனி எங்கள் மலையில் புளிக்காலம். ஆண்கள் மரம் ஏறி உலுக்குவார்கள். பெண்கள் பொறுக்கிக் கொண்டுவந்து காயவைத்து, ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுப்போம். என் தாய்மாமன் வீட்டுக் களத்தில்தான் பெரிய குவியல் இருக்கும். பதினைந்து இருபது பெண்கள் உட்கார்ந்து தட்டுவோம். சம்பளமாகப் புளி. நான் ஒரு நாள் அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் வாய்விட்டுப் படித்தேன். மறுநாள் என்னைப் புளி தட்டவே விடவில்லை. "நீ படிடி, உன் பங்கை நாங்க தட்டுறோம்" என்றார்கள். வெயில் ஏறுகிற வரைக்கும் படிப்பேன், வெயில் தாழ்ந்ததும் மறுபடி தொடங்குவேன். கொட்டை எடுக்கும் கைகள் மட்டும் ஓயாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊருக்கு அச்சடித்த காகிதம் என்று வந்ததெல்லாம் காட்டிலாகா நோட்டீசும், நிலத்துப் பட்டாவும், கோர்ட்டுச் சம்மனும்தான். அச்சில் இருந்தால் அது சர்க்கார் சொன்னது. அப்படித்தான் பழகியிருந்தோம். ஆகவே நான் படித்தது ஒருத்தர் மனசிலிருந்து புனைந்த கதை என்று அந்தக் களத்தில் யாருக்கும் தோன்றவில்லை. கீழே எங்கேயோ நடந்த வழக்கு, அதை அச்சுப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். "அந்தப் பொண்ணு எந்த ஊருடி, கணியம்பாடிப் பக்கமா?" என்று கேட்டார்கள். எனக்கு உண்மை தெரியும். சொல்லவில்லை. சொன்னால் கேட்க மாட்டார்கள் என்ற பயம்.

எல்லோரையும்விட அதிகமாகக் கேட்டவள் என் சின்னம்மா, அம்மாவின் தங்கை. அந்தக் கதை அவளுக்கு ஏற்கெனவே நடந்து கொண்டிருந்தது. புருஷனைக் காய்ச்சலில் பறிகொடுத்துவிட்டு, இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு அவள் திரும்பி வந்தபோது, தாத்தா நாலு பேர் முன்னால், "ஓடைக்கு மேல இருக்கிற மூணு புளியமரம் இவளுக்கு" என்று வாயால் சொன்னார். எங்கள் மலையில் நிலம் வேறு, மரம் வேறு. ஒருத்தர் நிலத்தில் இன்னொருத்தர் மரம் நிற்கும். அந்த மூன்று மரத்தின் புளி இருந்தால் அவள் தனிக் குடிசையில் சாமைச் சோறு தின்று, ஒருத்தர் முகத்தையும் பார்க்காமல் வாழ்ந்துவிடலாம். தாத்தா செத்ததும் மாமன் அந்த மரங்களையும் சேர்த்து உலுக்க ஆரம்பித்தார். இரண்டு வருஷமாகச் சின்னம்மா தன் புளியைத் தானே கூலிக்குத் தட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வருஷமும் போனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காப்பித் தோட்டத்து வேலைக்கு லாரி ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை.

சிரிப்பு என்ன என்றால், மாமனும் கதை கேட்டார். களத்து ஓரத்தில் உட்கார்ந்து கயிறு திரிக்கிற சாக்கில் கேட்பார். அந்தப் பெரிய அண்ணன் பத்திரத்தை ஒளிக்கிற இடம் வந்தபோது கயிற்றைக் கீழே போட்டுவிட்டார்.

"அவன்லாம் ஒரு மனுசனா? கூடப் பொறந்தவ வயித்துல அடிக்கிறானே. நானா இருந்தா அவன் வூட்ல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்."

சின்னம்மா தலையைத் தூக்கவில்லை. கொட்டையை எடுத்துக் கூடையில் போட்டாள். மற்ற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மாமனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. உண்மையாகவே உறைக்கவில்லை, நடிப்பு இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். காகிதத்தில் இருக்கிற தங்கைக்காக அந்த மனுஷன் கண் கலங்கினார்.

கடைசி அத்தியாயத்தை நான் முன்னாடியே வீட்டில் படித்துவிட்டேன். நீதிபதி தீர்ப்புச் சொல்கிறார். தோட்டமும் கிணறும் தங்கைக்கே. அதற்கப்புறம் இரண்டு தாள். அந்த இரண்டு தாளில், கோர்ட்டு வராந்தாவில் அண்ணன் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்து அவள் மனசு உருகிவிடுகிறது. தீர்ப்புக் காகிதத்தை அவன் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டு, "எனக்கு உன் பாசம் போதும் அண்ணா" என்று காலில் விழுகிறாள். முற்றும்.

நான் புத்தகத்தைச் சுவரில் விட்டு அடித்தேன். அத்தனை வாரம் அவளை அலைய விட்டு, பெற்ற தாயே அவள் முகத்தில் காறித் துப்பும்படி செய்து, கடைசியில் அவள் கையாலேயே கிழிக்க வைக்கிறாரே, இந்த எழுதினவருக்கு என்ன கொழுப்பு? பாசம் வேகவைத்தால் சோறாகுமா? மறுநாள் களத்தில் தீர்ப்பு வரைக்கும் படித்தேன். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "முற்றும்" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினேன். பெண்கள் புளிக்கையோடு கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்கள். மாமன் தொடையைத் தட்டி, "அப்டிப் போடு" என்றார்.

அன்றைக்குச் சின்னம்மா என்னோடு ஓடைவரை நடந்து வந்தாள். "தீர்ப்பு அச்சுல கீது இல்ல?" என்று கேட்டாள். "இருக்குது" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அவள் மனசில் என்ன ஓடுகிறது என்று எனக்கு அப்போது புரிந்திருந்தால் அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருப்பேன்.

நாலு நாள் கழித்து, ஓடை மேட்டு மரங்களை உலுக்க மாமன் ஆள் அனுப்பினார். அந்த மரங்கள் கொஞ்சம் தாமதமாகப் பழுக்கும். சின்னம்மா போய் மரத்தடியில் நின்றுகொண்டு ஆட்களைத் திருப்பி அனுப்பினாள். பிறகு நேராக ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனாள். ஊர்க்கவுண்டர்தான் எங்கள் ஊர்த் தலைவர், அவர் கூட்டினால்தான் பஞ்சாயத்து. மறுநாள் காலை ஊர் கூடியது. ஆண்கள் உட்கார்ந்தார்கள். பெண்கள் பின்னால் நின்றோம். சின்னம்மா நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்.

"எங்கப்பா குடுத்த மரம். நாலு பேரு கேட்டாங்க. அது போதலைன்னா, இதே மாதிரி வயக்குல கோர்ட்டு தங்கச்சிக்குத்தான் பாத்தியம்னு சொல்லி அச்சு போட்டிருக்குது. எங்கக்கா பொண்ணு படிச்சா. எங்க அண்ணனும் கேட்டாரு."

ஊர்க்கவுண்டர், "அந்தப் பொஸ்தகத்த எடுத்தா" என்றார். ஓடிப்போய் எடுத்து வந்தேன். வழியெல்லாம் எங்கேயாவது விழுந்து காலை உடைத்துக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது. அம்மா என் கையைப் பிடித்துக் கிள்ளி, "வாய அடக்கிப் பேசு" என்றாள். மாமன் மகனுக்கு என்னைக் கொடுப்பதாகப் பேச்சு இருந்தது. அம்மாவுக்கு அது பெரிய நிம்மதி.

நடுவில் நின்று தீர்ப்பைப் படித்தேன். "தோட்டமும் கிணறும் வாதிக்கே உரியவை." கூட்டத்தில் ஒரு முனகல். மாமன் முகம் கறுத்தது. புத்தகத்தை மூடினேன்.

ஊர்க்கவுண்டருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் காகிதம் எத்தனை இருக்கிறது என்று பார்க்கத் தெரியும். "இன்னும் ரெண்டு தாளு கீதே" என்றார்.

"விளம்பரங்க."

"தா, பாப்போம்." கையில் வாங்கிப் புரட்டினார். கடைசித் தாளில் முக்கால் பக்கத்துக்கு ஒரு படம். "இந்தப் பொம்மையில அந்தப் பொண்ணு இன்னாத்த கியிக்குது?"

பொய் வாய் வரைக்கும் வந்தது. சின்னம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் இடுப்பில் ஜாக்கெட் நூலைச் சப்பிக்கொண்டிருந்தது. இனி ஒரு பொய் சொன்னால் அது அவள் தலையில்தான் விடியும் என்று தெரிந்தது. படித்தேன். ஒரு சொல் விடாமல், அந்த "உன் பாசம் போதும் அண்ணா" வரைக்கும் படித்தேன்.

மாமன்தான் முதலில் சிரித்தார். "கேட்டுக்கினீங்களா? நல்ல கூடப் பொறப்புன்னா அது. அச்சுலயே போட்டுட்டான். இவளும் அந்த மாதிரி இருக்கட்டும், வருசத்துக்கு ஒரு பொடவ நான் எடுத்துத் தர்றேன்."

என்னைச் சின்னம்மா பார்த்த பார்வை இருக்கிறதே, அதைவிட நாலு அறை அறைந்திருக்கலாம். எனக்குள் ஏதோ அறுந்தது.

"மாமா, பத்திரத்த ஒளிச்ச அண்ணன் வூட்ல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்னு சொன்னது யாரு?" என்று கேட்டேன்.

"அது கதடி."

"ஆமா, கததான். அந்தத் தீர்ப்பும் கததான், இந்தக் கியிச்சதும் கததான். எல்லாம் ஒருத்தரு வூட்ல ஒக்காந்து எழுதனது. நான்தான் சொல்லாம வுட்டேன், அது என் தப்பு. ஆனா நீங்க களத்துல ஒக்காந்து சொன்னது கத இல்ல. கூடப் பொறந்தவ வயித்துல அடிக்கிறானேன்னு நீங்க சொன்னீங்க. தீர்ப்பு வந்தப்போ தொடையத் தட்டுனீங்க. இத்தன பேரு கேட்டாங்க. கதையில நடந்தா கண்ணுல தண்ணி வருது, சொந்த வூட்ல நடந்தா கண்ணு தெரியலையா?"

பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி, "சொன்னாரு, நான் கேட்டேன்" என்றாள். இன்னொருத்தி, "நானும்" என்றாள். ஊர்க்கவுண்டர் கையைத் தூக்கி அடக்கினார். மாமன் எழுந்து, "இந்த வாய்க்காரிய என் பையனுக்குக் கட்ட மாட்டேன்" என்றார். "ரொம்ப சந்தோசம்" என்றேன். அது வீறாப்புக்காகச் சொன்னதில்லை. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

சபையில் மறைத்துப் படித்ததற்கு விழுந்து கும்பிட வேண்டும் என்றார்கள். "தீர்ப்போடயே முற்றும்னு இன்னாத்துக்குச் சொன்ன?" என்று ஊர்க்கவுண்டர் கேட்டார். "எனக்கு அங்கயே முடிஞ்சிடுச்சிங்க" என்றேன். விழவில்லை. மரம் மாதிரி நின்றேன். கடைசியில் அம்மா வந்து எனக்குப் பதிலாக விழுந்தாள். தன் சொந்த அண்ணனும் உட்கார்ந்திருக்கிற சபையில், புடவையில் மண் ஒட்ட விழுந்து எழுந்தாள். இத்தனை வருஷத்தில் நான் வருத்தப்படுகிறது அந்த ஒன்றுக்குத்தான். விழாமல் நின்றதற்கு இல்லை. அவளைத் தடுக்காமல் நின்றதற்கு.

பிறகு ஊர்க்கவுண்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். பொஸ்தகத்தை வைத்து நியாயம் பேச முடியாது, ஊர் வழக்கம்தான் என்றார். "பெரியவரு குடுத்தது நெசம். ஆனா நம்ம மலையில மரத்துல கால் வெச்சி உலுக்கறவனுக்குத்தான் புளி. பொம்பள மரம் ஏறுறதில்ல. ரெண்டு வருசமா அவன் கால் வெச்சான், அவனுக்குத்தான் சேரும்."

வழக்கு முடிந்துவிட்டது என்று ஆண்கள் துண்டை உதறினார்கள். அப்போதுதான் சின்னம்மா இரண்டாவது முறை வாயைத் திறந்தாள்.

"கால் வெக்கலைன்றதுதானே கொற?"

குழந்தையை என் கையில் கொடுத்தாள். புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஓடை மேட்டைப் பார்த்து நடந்தாள். முதலில் பெண்கள் பின்னாலேயே போனோம். அப்புறம் ஆண்களும் வந்தார்கள், வேடிக்கை பார்க்க. வழியில் மாமன் கத்திக்கொண்டே வந்தார், பொம்பள ஏறினால் மரம் பட்டுப்போகும், ஊருக்கு மழை வராது என்றெல்லாம். சின்னம்மா காதில் வாங்கவில்லை.

முதல் மரம் பெரியது. அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முறை ஏறிச் சறுக்கினாள். முழங்கைத் தோல் உரிந்து ரத்தம் வந்தது. இரண்டாவது முறை ஒரு முண்டில் காலை வைத்து முதல் கிளையைப் பிடித்துவிட்டாள். அப்புறம் நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இலைக்கு நடுவே அவளுடைய ஊதாப் புடவை மேலே மேலே போனது.

மாமன் கோபம் எல்லாம் மறந்து, "எறங்குடி, வியுந்துடப் போற" என்றார். அந்தக் குரலில் உண்மையாகவே பயம் இருந்தது, நான் பொய் சொல்ல மாட்டேன்.

மேலேயிருந்து சின்னம்மா சொன்னாள். "அண்ணா, தள்ளி நில்லு. பொறுக்கறவங்களுக்கு வயி வுடு."

கிளையை உலுக்கினாள். புளி சடசடவென்று எங்கள் தலையிலும் தோளிலும் விழுந்தது. ஒரு நிமிஷம் யாரும் அசையவில்லை. குனிந்து பொறுக்கினால் யார் பக்கம் என்று தெரிந்துவிடும். முதலில் குனிந்தது மாமன் பெண்டாட்டி, என் அத்தை. தன் வீட்டுக் குவியலில் போய்ச் சேர வேண்டிய புளியை, தன் புருஷன் கண் முன்னால் முந்தானையை விரித்துப் பொறுக்கிச் சின்னம்மாவின் கூடையில் போட்டாள். அதற்கப்புறம் எல்லோரும் குனிந்தோம்.

மாமன் ஊர்க்கவுண்டரைப் பார்த்தார். அவர் மரத்தை அண்ணாந்து பார்த்து, "கால் வெச்சிட்டாளேப்பா" என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அன்று மாலைக்குள் மூன்று மரமும் உலுக்கியாகிவிட்டது. மழையும் அந்த வருஷம் வந்தது, எப்போதும்போல.

சின்னம்மா லாரி ஏறவில்லை. முட்டி தேய்ந்து, ஏற முடியாமல் போகிற வரைக்கும் அந்த மரங்களைத் தானே உலுக்கினாள். பிறகு அவள் மகள் ஏறினாள். மாமன் வீட்டோடு பேச்சு வார்த்தை உண்டு, நல்லது கெட்டதுக்குப் போக்குவரவு உண்டு. கூட்டத்தில் அந்த ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டாரே, பாசம், அது எங்கேயும் போய்விடவில்லை. மரத்தை விட்டுக்கொடுக்காமலேயே இருந்தது.

அன்று பொறுக்கி முடித்தபின் நான் சின்னம்மா குடிசைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவள் உரிந்த முழங்கையில் மஞ்சள் அப்பிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "அந்தப் பொஸ்தகத்த வெச்சினுகீறியா?" என்று கேட்டாள். கொடுத்தேன். வாங்கி, எழுத்துத் தெரியாத அந்த மனுஷி பின்பக்கமிருந்து புரட்டி, கிழிக்கிற படத்தைக் கண்டுபிடித்தாள். அந்தத் தாளையும் அதற்கு முந்தின தாளையும் தையலோடு பிய்த்து எடுத்து, மீதியை என்னிடம் கொடுத்தாள்.

"இத நல்லா பத்ரமா வெய்யி. நல்ல கத."

அந்தப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நீதிபதி பேனாவைக் கீழே வைப்பதோடு அது முடிந்துவிடும். மற்ற இரண்டு தாளையும் சின்னம்மா சுள்ளிக்கு அடியில் வைத்துப் பற்ற வைத்தாள். அதன்மேல் சோறு பொங்கி எனக்கும் போட்டாள்.